முதல் ரைஃபிள்: பாயின்ட் டூ டூவா, ஏஆரா?

கல்லூரியில் என்சிசியில் இருந்தவர்களுக்கு .22 ரைஃபிள் தெரிந்திருக்கும். பாயின்ட் டூ டூ என்போம். கேம்ப்பில் தரையில் குப்புறப் படுத்து, 25 மீட்டர் தள்ளி நிற்கும் அட்டையைப் பார்த்து ஐந்து தோட்டா சுடணும். ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அழுத்தணும். எனக்குத் துப்பாக்கி அனுபவம் என்றால் அது மட்டும்தான். அதுவும் இருபது வருஷத்துக்கு முந்தின கதை.

போன வருஷம் இங்கே டெக்சஸில் ஒரு நண்பர் கூப்பிட்டார் என்று ரேஞ்சுக்குப் போனேன். அவர் என் கையில் கொடுத்தது செமி ஆட்டோமேட்டிக். ஒரு தடவை சுட்டேன். மையத்துக்கு ரொம்பப் பக்கத்தில் பட்டது. "மச்சான், பார்த்தியா!" என்று அவர் பக்கம் திரும்பினேன், கையில் துப்பாக்கியோடு. பின்னால் நின்றிருந்த ரேஞ்ச் அதிகாரி ஒரே எட்டில் வந்து குழலைப் பிடித்து இலக்குப் பக்கம் தள்ளினார். கத்தவில்லை. "இப்போ உள்ளே தோட்டா இருக்கிறது, தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. சுட்டாச்சு, இனி போல்ட்டை இழுக்கிற வரைக்கும் அது வெறும் இரும்புதான் என்று என்சிசி நாட்களின் பழக்கம் உள்ளே உட்கார்ந்திருந்தது. செமி ஆட்டோமேட்டிக்கில் அப்படி இல்லை. நான் திரும்பிய நேரத்தில் அடுத்த தோட்டா தானாக ஏறி, விரல் பட்டால் வெடிக்கத் தயாராக இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது இரண்டு விஷயம் மனசில் இருந்தது. ஒன்று, இந்த விளையாட்டு எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டு, ஒழுங்காகத் தெரிந்துகொள்ளாமல் இதில் இறங்கக் கூடாது. அடுத்த நாலு மாதம் படித்ததும், கேட்டதும், வாடகைத் துப்பாக்கிகளில் சுட்டுப் பார்த்ததும்தான் இந்தக் குறிப்பு.

செமி ஆட்டோமேட்டிக் என்றால்

ட்ரிக்கரை ஒரு தடவை இழுத்தால் ஒரு குண்டு. அடுத்த குண்டுக்கு விரலை விட்டு மறுபடி இழுக்கணும். ஆனால் காலிக் கூட்டை வெளியே தள்ளுவதையும் அடுத்த தோட்டாவை ஏற்றுவதையும் துப்பாக்கியே செய்துகொள்கிறது. பிடித்த பிடியில் தொடர்ந்து சுடுவது முழு ஆட்டோமேட்டிக், அதாவது மெஷின் கன். அமெரிக்காவில் அது 1934லிருந்து தனிச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 1986 மே மாதத்துக்குப் பிறகு பதிவான புதியவற்றைப் பொதுமக்கள் வாங்கவே முடியாது. கடையில் சாதாரணமாகக் கிடைப்பதெல்லாம் செமிதான்.

தானாக ஏற்றுவதற்கான சக்தி எங்கிருந்து வருகிறது? சுட்ட தோட்டாவிலிருந்தேதான். அதை எடுத்துக்கொள்ள இரண்டு முக்கியமான வழிகள் உண்டு.

.22 போன்ற சின்னத் தோட்டாக்களில் போல்ட்டைப் பூட்டுவதே இல்லை. அதன் எடையும் ஒரு ஸ்பிரிங்கும்தான் கதவு மாதிரி தாங்கி நிற்கின்றன. மருந்து எரியும்போது வாயு குண்டை முன்னால் தள்ளுகிறது, கூட்டைப் பின்னால் தள்ளுகிறது. போல்ட் கனமாக இருப்பதால் மெதுவாகத்தான் நகரும். அது திறப்பதற்குள் குண்டு குழலை விட்டுப் போயிருக்கும், அழுத்தமும் இறங்கியிருக்கும். இதற்கு ப்ளோபேக் என்று பெயர். உதிரிபாகம் குறைவு, விலையும் குறைவு.

பெரிய தோட்டாவுக்கு இது போதாது. அங்கே போல்ட் சுழன்று பூட்டிக்கொள்ளும். குழலில் ஒரு சிறு துளை போட்டு, அதன் வழியே கொஞ்சம் வாயுவைத் திருப்பி, அந்த வாயுவால் பூட்டைத் திறக்கிறார்கள். ஏஆர்-15ல் அந்த வாயு ஒரு மெல்லிய குழாய் வழியாகப் பின்னால் வந்து நேராக போல்ட் பகுதிக்குள்ளேயே நுழைகிறது. வேறு சில ரைஃபிள்களில் வாயு ஒரு பிஸ்டனைத் தள்ளும்.

கடைக்குப் போகும் முன் விசாவைப் பாருங்கள்

நம்ம ஆட்களில் நிறைய பேருக்கு இது தெரியாது. அதனால் நடுவில் நிறுத்திச் சொல்கிறேன்.

ஹெச்-1பி போன்ற தற்காலிக விசாவில் அமெரிக்காவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். சட்டத்தில் உள்ள சொல் "வைத்திருப்பது". சொந்தமாக வாங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் கையில் பிடிப்பதும் அதில் வந்துவிடும். சில விதிவிலக்குகள் உண்டு. அதில் நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருப்பது. மீறினால் 15 வருஷம் வரை சிறை. அதோடு நாட்டை விட்டு அனுப்பப்படவும் அதுவே காரணமாகலாம்.

நான் ஹெச்-1பியில் இருந்த காலத்தில் ஆபீஸ் டீம் மொத்தமாக ரேஞ்சுக்குக் கிளம்பியது. இதைப் படித்துவிட்டு நான் போகவில்லை. "யார் கேட்கப் போறாங்க?" என்று கிண்டல் செய்தார்கள். ஒரு சனிக்கிழமை மதியத்துக்காக பத்து வருஷ க்யூவைப் பணயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. க்ரீன் கார்டு வந்த பிறகுதான் போனேன். உங்கள் நிலைமை சிக்கலாக இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள், நண்பரிடம் அல்ல.

க்ரீன் கார்டு உள்ளவர்களும் குடிமக்களும் உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்பணும், பின்னணிச் சோதனை நடக்கும். ரைஃபிளுக்கு கூட்டாட்சி அளவில் குறைந்தபட்ச வயது 18. மாநிலச் சட்டம் இதற்கு மேல் போகலாம். கலிஃபோர்னியாவில் பத்துக்கு மேல் தோட்டா பிடிக்கும் மேகசினுக்குத் தடை உண்டு. நியூயார்க், வாஷிங்டன் மாநிலங்களுக்குத் தனி விதிகள். டெக்சஸில் சரி என்பது அங்கே குற்றமாக இருக்கலாம். மாநிலம் மாறிக் குடிபோகிறவர்கள் கட்டாயம் பார்க்கணும்.

தோட்டாவை முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது

"எந்தத் துப்பாக்கி நல்லது?" என்றுதான் நானும் ஆரம்பித்தேன். கேள்வியே தப்பு. "எந்தத் தோட்டா?" என்று முதலில் கேட்கணும். செலவு, சத்தம், அதிர்வு, எந்த ரேஞ்சில் சுட அனுமதி என்பதெல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

பொழுதுபோக்காக இலக்குச் சுடுபவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று .22 லாங் ரைஃபிள், 1887லிருந்து இருப்பது. இன்னொன்று ஏஆர் ரைஃபிள்கள் சுடும் .223 ரெமிங்டன் அல்லது 5.56 நேட்டோ.

பெயரைப் பார்த்தால் இரண்டும் பங்காளி மாதிரித் தெரியும். குண்டின் விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் பின்னால் இருக்கும் மருந்தில். .22 குண்டு சுமார் 2.6 கிராம், வேகம் நொடிக்கு 370 மீட்டர் அளவில், ஆற்றல் 170, 180 ஜூல். .223 குண்டு சுமார் 3.6 கிராம், வேகம் நொடிக்கு ஆயிரம் மீட்டரை நெருங்கும், ஆற்றல் 1,700 ஜூல். அதாவது பத்து மடங்கு.

இந்த இடைவெளியைச் சட்டங்களும் கவனித்திருக்கின்றன. பிரிட்டன் 1987 ஹங்கர்ஃபோர்டு படுகொலைக்குப் பிறகு செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களைத் தடை செய்தபோது .22 ரிம்ஃபயரை விட்டுவைத்தது. நியூசிலாந்து 2019 கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பிறகு செய்த சட்டத்திலும், பத்துத் தோட்டாவுக்குள் பிடிக்கும் .22 ரிம்ஃபயருக்கு விலக்கு உண்டு. ஆஸ்திரேலியா மட்டும் 1996 போர்ட் ஆர்தருக்குப் பிறகு .22 செமியையும் சேர்த்தே இறுக்கியது.

இனி செலவு. நான் வாங்கிய விலையில் .22 ஒரு தோட்டா எட்டு சென்ட், .223 ஐம்பது சென்ட். ஒரு மதியத்தில் இருநூறு தோட்டா சுட்டால் முதலாவதற்கு 16 டாலர், இரண்டாவதற்கு 100 டாலர். மாதம் இரண்டு தடவை போனால் ஒரு வருஷத்தில் 384 டாலர் எதிர் 2,400 டாலர். துப்பாக்கியின் விலை வித்தியாசமெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமில்லை. ஒரு எச்சரிக்கை: 2013லும் 2020, 21லும் தோட்டாத் தட்டுப்பாடு வந்தது. மலிவான .22 கூடக் கடைகளில் கிடைக்காமல் போனது.

சத்தம். .22 ரைஃபிள் 140 டெசிபெல் அக்கம்பக்கம், .223 அதற்கும் வெகு மேலே, 150ஐத் தாண்டும். இரண்டுக்குமே காதுக் கவசம் கட்டாயம். ஆனால் கூரை போட்ட ரேஞ்சில் பக்கத்து மேசைக்காரர் ஏஆர் சுட்டால் நெஞ்சுக்கூடே அதிரும். புதிதாகப் பழகுகிறவர் அந்த அதிர்ச்சியில் ட்ரிக்கர் இழுக்கும் முன்பே கண்ணை மூடப் பழகிவிடுவார். பிறகு அதை மாற்ற மாதக்கணக்காகும். .22ல் அதிர்வு கிட்டத்தட்ட இல்லை. தப்பு எங்கே என்று நிதானமாகப் பார்க்கலாம்.

.22க்குக் குறையும் உண்டு. இதில் தீப்பொறி மருந்து கூட்டின் விளிம்புக்குள் சுழற்றி நிரப்பப்படுகிறது. எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவாமல் போகலாம். அதனால் வெடிக்காத தோட்டா .223ஐ விட இதில் அதிகம். க்ளிக் என்று கேட்டு வெடிக்கவில்லை என்றால் உடனே திறக்கக் கூடாது. குழலை இலக்குப் பக்கமே வைத்து முப்பது நொடி காத்திருக்கணும். தாமதமாக வெடிக்கவும் வாய்ப்புண்டு. அடுத்து, தூரம். 50 கெஜத்துக்குச் சரிசெய்த .22, 100 கெஜத்தில் ஆறு அங்குலத்துக்குப் பக்கமாகக் கீழே இறங்கிவிடும். 200, 300 கெஜத்தில் சுட ஆசை என்றால் .22 உங்களுக்கானதல்ல.

"சின்னத் துப்பாக்கிதானே" என்று மட்டும் நினைக்காதீர்கள். 1968ல் ராபர்ட் கென்னடியைக் கொன்றது .22. 1981ல் ரீகன் மேல் பாய்ந்ததும் .22. தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை போகும் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். இலக்குக்குப் பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் எந்தத் தோட்டாவும் சுடக் கூடாது.

நான் பார்த்த நான்கு

ரூகர் 10/22. 1964ல் வந்தது, இன்றும் விற்கிறது. சுமார் இரண்டேகால் கிலோ. பத்துத் தோட்டா மேகசின் உருளை வடிவில் சுழல்வது, அடிப்பக்கத்தோடு சமமாக உள்ளே போய்விடும். குழல் இரண்டு திருகில்தான் நிற்கிறது என்பதால் ட்ரிக்கர், குழல், கட்டை என்று எதையும் வீட்டிலேயே மாற்றலாம். அதற்கென்றே ஒரு உதிரிபாகச் சந்தை இருக்கிறது. குறை: வாங்கும்போது வரும் ட்ரிக்கர் கொஞ்சம் கனம். கடைசித் தோட்டா சுட்ட பிறகு போல்ட் திறந்து நிற்காது, மூடிக்கொள்ளும். காலியா இல்லையா என்று வெளியே பார்த்துத் தெரியாது. மேகசினும் துருத்தி நிற்காததால் அது உள்ளே இருக்கிறதா என்பதும் தூரத்திலிருந்து தெரியாது.

மார்லின் 60. 1960லிருந்து பல தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகளின் முதல் துப்பாக்கி. இப்போது பழையதாகத்தான் கிடைக்கும். விலை மலிவு, குறி நன்றாக இருக்கும். தோட்டாக்கள் குழலுக்கு அடியில் உள்ள நீளக் குழாயில் வரிசையாக நிற்கும். கழற்றி எடுக்க மேகசின் என்று ஒன்று கிடையாது. குழாய்க்குள் ஒரு தோட்டா சிக்கியிருந்தாலும் கண்ணுக்குப் படாது. என் மாதிரித் தப்பு செய்தவனுக்கு இது சரிப்படாது என்று விட்டுவிட்டேன்.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம் அண்ட் பி 15-22. 2009ல் வந்தது. ஏஆர் மாதிரியே தோற்றம், அதே இடத்தில் பொத்தான்கள், ஆனால் சுடுவது .22. உடம்பு பிளாஸ்டிக், எடை குறைவு. கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்து நிற்கும். பின்னாளில் ஏஆருக்குப் போக நினைப்பவர்கள் மலிவாகப் பழகிக்கொள்ள நல்லது. ஆனால் ஏஆர் தோற்றத்துக்குத் தடை உள்ள மாநிலங்களில் இதற்கும் சிக்கல் வரலாம்.

ஏஆர்-15. ஏஆர் என்பது ஆர்மலைட் என்ற கம்பெனியின் பெயர்ச் சுருக்கம், "அசால்ட் ரைஃபிள்" அல்ல. 1950களில் யூஜின் ஸ்டோனர் அங்கே வடிவமைத்தார். 1959ல் கோல்ட் உரிமையை வாங்கியது. 1977ல் காப்புரிமை முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றானது. பிடிப்பு வசதி, உயரத்துக்கு ஏற்ப நீட்டிக் குறைக்கும் கட்டை, 300 கெஜம் வரை நல்ல குறி. ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: .223 என்று முத்திரை குத்திய துப்பாக்கியில் 5.56 தோட்டா போடக் கூடாது, அழுத்தம் அளவு மீறலாம். 5.56 முத்திரை உள்ளதில் இரண்டும் போடலாம். குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

ஏஆரைப் பற்றி எழுதும்போது தொழில்நுட்பம் மட்டும் பேசிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. 2022 மே 24 அன்று இதே டெக்சஸில் யுவால்டி பள்ளியில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியைகளும் செத்தது இந்த வகைத் துப்பாக்கியால். வைத்திருப்பவர்களில் ஆகப் பெரும்பாலானவர்கள் என் நண்பர் மாதிரி சாதாரண ஆட்கள்தான். இருந்தாலும் அட்டையில் ஓட்டை போடுவதற்கு எனக்கு அவ்வளவு ஆற்றல் தேவையா என்று கேட்டுக்கொண்டேன். எனக்குக் கிடைத்த பதில், இல்லை.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

முதலில் உங்கள் முதன்மைக் கண் எது என்று பாருங்கள். தூரத்தில் ஒரு பொருளை இரண்டு கண்ணாலும் பார்த்தபடி விரலால் சுட்டுங்கள். ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணால் பார்க்கும்போது விரல் நகராமல் நிற்கிறதோ அதுதான் முதன்மைக் கண். வலது கைக்காரருக்கு இடது கண் முதன்மையாக இருப்பதும் உண்டு. இடது தோளில் வைத்துச் சுடுகிறவர்கள் கூடு தெறிக்கும் திசையைக் கவனிக்கணும். பெரும்பாலான ரைஃபிள்கள் வலப்பக்கம் தள்ளும், அது இவர்கள் முகத்துக்கு முன்னால் போகும்.

தொலைநோக்கி மாட்டுவதானால் .22க்கென்றே செய்ததை வாங்குங்கள். அவற்றைத் தோராயமாக 50 கெஜத்துக்குச் சரிசெய்திருப்பார்கள். பெரிய ரைஃபிளுக்கானது 100 கெஜத்துக்கு. கிட்டத்தில் பார்க்கும்போது தலை லேசாக அசைந்தாலும் குறி நகர்ந்த மாதிரித் தெரியும்.

.22 செமிகள் தோட்டா விஷயத்தில் நாக்கு நீளமானவை. வேகம் ரொம்பக் குறைந்த தோட்டா போட்டால் போல்ட்டை முழுசாகத் தள்ள சக்தி போதாமல் சிக்கும். நாலைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, உங்கள் துப்பாக்கிக்கு எது ஒத்துப்போகிறது என்று பார்த்துவிட்டு மொத்தமாக வாங்குங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், காலி செய்யும் வரிசை. குழல் இலக்குப் பக்கம். முதலில் மேகசினைக் கழற்று. அப்புறம் போல்ட்டை இரண்டு மூன்று தடவை இழு. பிறகு திறந்து நிறுத்தி, கண்ணால் பார், சுண்டுவிரலால் தொட்டுப் பார். இந்த வரிசையை மாற்றினால், அதாவது போல்ட்டை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு கழற்றினால், நீங்களே ஒரு தோட்டாவை உள்ளே ஏற்றிவிட்டுக் காலி என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். முதல் நாள் பழகுகிறவருக்கு மேகசினில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போட்டுக் கொடுங்கள். என் நண்பர் அன்றைக்கு அப்படிச் செய்திருந்தால் நான் திரும்பியபோது கையில் இருந்தது காலித் துப்பாக்கியாக இருந்திருக்கும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். குண்டிலும் பொறிமருந்திலும் ஈயம் இருக்கிறது. சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் சட்டையை மாற்றிவிட்டுத்தான் தூக்கணும்.

வீட்டில் எங்கே இருக்கும்?

இத்தனையும் படித்து ஒரு அட்டவணை போட்டு மனைவியிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தாள். "ஏங்க, சுடறதெல்லாம் சரி. அது வீட்ல எங்க இருக்கும்?" என்றாள். அட்டவணையில் அந்த வரிசையே இல்லை.

எங்கள் பையனுக்கு பதினான்கு வயது. அமெரிக்காவில் 2021ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை, பாதிக்கும் மேல். திருடனுக்கும் விபத்துக்கும் பயப்படுகிறோம். வீட்டுக்குள்ளேயே ஒருவருக்கு ஒரு மோசமான ராத்திரி வரலாம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "நம்ம வீட்ல அப்படி யாரும் இல்லை" என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். அந்த ராத்திரியில் துப்பாக்கி கைக்கெட்டாமல் இருப்பது ஒரு உயிரைக் காப்பாற்றலாம்.

அதனால் வாங்கிய வரிசை மாறிவிட்டது. முதலில் எஃகு அலமாரி, சுவரோடு போல்ட் போட்டு இறுக்கியது. எண்பூட்டு எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். தோட்டாவுக்கு வேறு அறையில் வேறு பூட்டு. வீட்டில் யாராவது மனசு சரியில்லாமல் இருந்தால், காரணம் கேட்காமல் துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய் வைப்பது என்று ஒரு ஒப்பந்தம். யாருக்காக என்று பெயர் சொல்லவில்லை. அது எனக்காகவும்தான் என்று இருவருக்குமே தெரியும்.

ரைஃபிள் அதற்கு ஒரு மாதம் கழித்து வந்தது. ரூகர் 10/22, மரக் கட்டை. கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்து நிற்காது என்ற குறையைத் தெரிந்துதான் வாங்கினேன். அதனால் எண்ணிக்கொண்டே சுடுகிறேன், பத்து முடிந்ததும் கையால் திறந்து நிறுத்துகிறேன், ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கொடியைச் சேம்பரில் செருகிவிட்டுத்தான் மேசையை விட்டு நகர்கிறேன்.

போன சனிக்கிழமை 50 கெஜத்தில் பத்துக்கு ஏழு மூன்றங்குல வட்டத்துக்குள் விழுந்தது. திரும்பிப் பார்க்கணும் போல இருந்தது. மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, கொடியைச் செருகி, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, அப்புறம் திரும்பினேன்.